ரசீது எண் பதினேழு

முதலில் விலையைத்தான் பார்த்தேன்.
குழலில் வெட்டியிருந்த பெயர்
இப்போது இல்லாத ஒரு நாட்டின் பெயர்.
கம்மவான்பேட்டை ஹவில்தார் துளசிராமன்
கண்புரைக்குப் பின் விற்க வைத்திருந்தார்.
"புதுசுன்னா ரெண்டு வருஷச் சம்பளம்மா,
இது ஒரு சீட்டு எடுத்தாப் போதும்."
எடுத்தேன். தள்ளு போக
நாற்பத்தோராயிரம்.

சங்கத்தில் எல்லோரும் போல்ட் ரைஃபிள் என்றார்கள்.
ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்தால்
பொறுமை வருமாம்.
போல்ட் இருப்பது வலது பக்கம்.
இடக்கைக்காரிக்கு அது
பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள்.
மேலும் நான் ராணிப்பேட்டையில்
ஒன்பது மணிநேரம் ஷூவின் மேல்தோல் தைக்கிறவள்.
பொறுமை வேண்டிய மட்டும் இருக்கிறது.
அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் பொருள்
ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில்
பதினோரு மாதம்.
"பொம்பளைக்கு எதுக்கு?"
அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்த கட்டத்தில் 'விளையாட்டு' என்று எழுதினேன்.

ரிம்ஃபயர் என்றால் விளிம்பில் அடி.
நடுவில் குத்தினால் பேசாது,
பித்தளை ஓரத்தில் ஒரு தட்டு வேண்டும்.
என் ஊசி தேய்ந்திருந்தது,
பத்துக்கு இரண்டு மௌனம்.
சென்னையில் உரிமம் உள்ள கடையில்
ஊசியும் மேகசின் ஸ்பிரிங்கும் மாற்றியதில்
கிறிஸ்துமஸ் போனஸ் போனது.
தொலைநோக்கி ஒன்று மலிவாக வாங்கினேன்,
மூன்றாம் வாரமே அதற்குள் மேகம் கட்டியது.
விற்றுவிட்டுப் பழைய இரும்புக் குறிக்கே திரும்பினேன்.

செலவே இல்லாத வேலைதான் பலித்தது.
கட்டை ஆறடி ஆளுக்குச் செய்தது,
நான் ஐந்தடி ஒன்று.
கேட் பாஸ் போட்டு வாங்கி வந்த கழிவுத் தோலை
மூன்று அடுக்காக ஒட்டி
வலது புறத்தில் கன்னத்துக்கு ஒரு மெத்தை தைத்தேன்.
சுடச்சுட வெற்றுக்கூடு முகத்துக்குக் குறுக்கே பறக்கும்,
அதற்கும் ஒரு தோல் மடல்.
ஐம்பது மீட்டரில் ஐந்து தோட்டா:
ஆடியில் தோசைக்கல் அகலம்,
தையில் வடை,
பங்குனியில் ஐந்து ரூபாய்க் காசு.

அந்தக் காசைப் பார்த்த மறுநாள்
தேர்தல் தேதி அறிவித்தார்கள்.

துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
போட்டிக்காரர்களுக்கு விலக்கு உண்டு,
சான்று தர வேண்டிய செயலாளர்
குடியாத்தத்தில் மகள் கல்யாணத்தில் இருந்தார்.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
வேலூரைப் பழிப்பவர்கள்
துப்பாக்கி இல்லாத எஸ்தர் புஷ்பலீலா என்றும்
சேர்த்துக்கொள்ளலாம்.

காட்பாடி ஸ்டேஷன் ரைட்டர் தனகோட்டி
இடக்கையால் ரசீது எழுதினார்.
எழுத எழுத அவர் கையே மையைத் தேய்த்துக்கொண்டு போனது.
"கட்டையில இது என்னம்மா?"
"கன்னம் வைக்க சார்."
"இந்தப் பக்கமா?"
"எனக்கு இந்தப் பக்கம்தான்."
அவர் வேறொன்றும் கேட்கவில்லை.
ஒடுகத்தூர் பக்கம் பன்றி விரட்டும்
இரட்டைக் குழல்களுக்கு நடுவே
சணல் கட்டி, சீட்டுத் தொங்கவிட்டுச் சாய்த்தார்.

மாநிலப் போட்டி நான் இல்லாமல் நடந்தது.
அக்னி நட்சத்திரம் வந்து போனது.
யாரோ ஜெயித்தார்கள், பட்டாசு வெடித்தது.

திரும்ப வாங்கும்போது
குழலுக்குள் விரல்நகம் வைத்து வெளிச்சம் பார்த்தேன்.
துரு இல்லை. யாரோ எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள்.
தோட்டாப் பெட்டியை மேசையிலேயே கொட்டி எண்ணினேன்.
ஐம்பது. சரியாக இருந்தது.

மெத்தையில் மட்டும்
ஒரு கன்னத்தின் அளவுக்குப்
பவுடர் படிந்திருந்தது.
வலக்கைக்காரர் யாரும்
அந்தப் பக்கம் முகம் வைக்க முடியாது.

தனகோட்டி லெட்ஜரில் குனிந்திருந்தார்.
"வெயிட்டே இல்லையேம்மா,"
தலை நிமிராமல்,
"என்ன விலை வரும் இதெல்லாம்?"